கல்லாற்றிலிருந்து மேலே: நீலகிரிச் சரிவில் வண்ணத்துப்பூச்சிகளைப் படமெடுத்த நாட்கள்

ஞாயிறு, கல்லாறு

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறுபவர்களில் கல்லாற்றில் இறங்கி நிற்பவர்கள் குறைவு. மலை ரயிலுக்குப் பல்சக்கரப் பாதை தொடங்கும் இடம் என்ற அளவில்தான் பலருக்கும் இந்தப் பெயர் தெரியும். வண்ணத்துப்பூச்சிகளைத் தேடுபவர்களுக்கோ இதைவிட்டால் வேறு இடமில்லை. சமவெளியின் முட்புதர்க் காடு முடிந்து மலையின் ஈரக்காடு தொடங்கும் எல்லை இது. அங்கிருக்கும் இனமும் வரும், இங்கிருக்கும் இனமும் வரும். மேற்குத் தொடர்ச்சி மலையில் 330க்கும் மேற்பட்ட வண்ணத்துப்பூச்சி இனங்கள் பதிவாகியிருக்கின்றன. அக்டோபரில், இரண்டு மழைகளுக்கு நடுவே வெயில் விழும் ஒரு காலையில் இந்த ஆற்றங்கரையில் நின்றால், அந்த எண்ணிக்கை ஏன் அவ்வளவு பெரிது என்று நம்ப முடிகிறது.

இந்தப் பயணத்தின் திட்டம் எளியது. கல்லாற்றில் தொடங்கி, பர்லியார், கோத்தகிரி வழியாக, 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவின் சரிவு வரை ஏறுவது. உயரம் கூடக்கூட இனங்கள் மாறுவதைப் படங்களில் கொண்டுவருவது. இறகை விரித்துப் பூவில் அமர்ந்திருக்கும் அழகான படங்கள் நம்மிடம் ஏராளமாக இருக்கின்றன. அந்த நொடியில் அந்தப் பூச்சி என்ன செய்துகொண்டிருந்தது என்று சொல்லும் படங்கள் குறைவு. எனக்கு வேண்டியது அவைதான்.

யானைகள் கடக்கும் வழித்தடம் என்பதால் அனுமதி பெற்று, வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவரின் துணையோடுதான் கரையில் இறங்கினோம். ஆறு வளையும் இடத்தில் ஒரு மணல் திட்டு. முந்தைய இரவு யானை நின்று போன அடையாளம் அதில் இருந்தது. சிறுநீர் ஊறிய அந்த ஈரத்தில்தான் கூட்டம். இறகின் நடுவே நீலப்பட்டை ஓடும் ப்ளூபாட்டில்கள், பச்சைப் புள்ளிகள் நிறைந்த ஜே வகைகள், நீண்ட கூர்வால் கொண்ட ஃபைவ்பார் ஸ்வார்டுடெயில், ஓரத்தில் வெளிர்மஞ்சளும் வெள்ளையுமாக எமிக்ரன்ட்கள். ஒவ்வோர் இனமும் தன் இனத்தோடு ஒட்டி நிற்கிறது. நிறத்துக்கு நிறம் வரப்பு கட்டியதுபோலத் திட்டு முழுவதும் பிரிந்திருந்தது.

இப்படிக் கூடுபவை ஏறக்குறைய எல்லாமே ஆண்கள். பூந்தேனில் சர்க்கரை உண்டு. உப்பு மிகக் குறைவு. அந்தக் குறையை ஈரமண்ணில் தீர்த்துக்கொள்கின்றன. இப்படிச் சேர்த்த சோடியத்தில் ஒரு பங்கை இணைசேரும்போது ஆண், பெண்ணிடம் ஒப்படைக்கிறது. அது முட்டைகளுக்குப் போகிறது. சாணத்தில் அமர்ந்திருக்கிறதே என்று முகம் சுளித்து நகர்கிறவர்கள், அடுத்த தலைமுறைக்கான சீர் அங்கே சேர்க்கப்படுவதைப் பார்க்காமல் போகிறார்கள்.

ஒரு ப்ளூபாட்டிலைத் தேர்ந்தெடுத்து, வயிற்று நுனியில் ஃபோகஸ் வைத்துக் காத்திருந்தேன். உறிஞ்சுகுழல் மணலில் ஊன்றியிருந்தது. சிறிது நேரத்துக்கு ஒருமுறை பின்முனையிலிருந்து தெளிந்த நீர்த்துளி ஒன்று தெறித்தது. ஒரு பக்கம் நீரை இழுத்து, உப்பை வடித்துக்கொண்டு, மறுபக்கம் வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. சூரியன் எதிரில் இருக்கும்படி இடம் மாறி, ஷட்டரை நொடியில் 2,000இல் ஒரு பங்குக்குக் கொண்டுபோன பிறகு துளி படத்தில் நின்றது. வயிற்று நுனிக்கும் மணலுக்கும் நடுவே, உள்ளே தலைகீழாக ஆற்றங்கரையைச் சுமந்துகொண்டு ஒரு முத்து.

"தம்பி, படுத்தது போதும், எழுந்துகொள்ளுங்கள். காற்று மாறுகிறது" என்றார் காவலர்.

"இன்னும் ஒரே ஒரு படம், அண்ணா."

"யானைக்கு அதெல்லாம் தெரியாது."

எழுந்துவிட்டேன். காட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இப்படிக் கூடியிருக்கும் திட்டில் கல்லெறிந்து, எல்லாம் ஒன்றாகக் கிளம்பும் நொடியைப் படமெடுக்கும் பழக்கம் பரவிவருகிறது. படம் பார்க்கப் பிரமாதமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் வெயில் உள்ள சில மணி நேரத்துக்குள் உப்புத் தேடி முடிக்க வேண்டிய உயிரை நம் படத்துக்காக விரட்டுவது கொடுமை. குனிந்து, நிழல் அவற்றின்மேல் விழாமல், மெல்ல நெருங்கினால் அவை நம்மைப் பொறுத்துக்கொள்கின்றன. கூட்டுக்கண்களுக்கு உருவத்தைவிட அசைவுதான் சட்டென்று தெரியும்.

திங்கள், கல்லாறு

இன்றும் இங்கேயே தங்கிவிட்டேன். காரணம், ஆடுதீண்டாப்பாளை.

கசப்பும் நஞ்சும் கொண்ட செடி அது, ஆடுகூடத் தொடாது. சிவப்புடல் அழகி என்றும் களப்புத்தகங்களில் கிரிம்சன் ரோஸ் என்றும் வழங்கும் வண்ணத்துப்பூச்சி அதில் முட்டையிடுகிறது. புழு அந்த நஞ்சைத் தின்று உடலில் சேர்த்துக்கொள்கிறது. இறகு முளைத்த பிறகும் நஞ்சு தங்குகிறது. ஒருமுறை கொத்திய பறவை மறுமுறை கொத்தாது. அதனால்தான் சிவப்புடல் அழகிக்கு அவசரமே கிடையாது. கறுப்பு இறகு, முன்னிறகில் வெண்பட்டைகள், பின்னிறகில் வரிசையாகச் செம்பொட்டுகள், உடல் முழுக்கச் சிவப்பு. தன்னைப் பார்க்கச் சொல்லியே மெதுவாகப் பறக்கிறது.

அதே புதரில், அதே உண்ணிப் பூக்களில், அதே கறுப்பு வெள்ளை சிவப்போடு இன்னொன்று வந்து அமர்ந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். கேமராவின் திரையில் பெரிதாக்கி உடலைப் பார்த்தேன். சிவப்பில்லை, கறுப்பு உடலில் வெண்புள்ளிகள். இது கறிவேப்பிலை அழகியின் பெண். காமன் மார்மன் என்றால் பலருக்கும் தெரியும். வீட்டுத் தோட்டத்து எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் பச்சைப்புழுவாகத் திரிவது. அதற்கு நஞ்சு இல்லை. நஞ்சுள்ளவளின் உடையை அணிந்து பிழைக்கிறது.

இந்த இனத்தின் பெண்கள் மூன்று வடிவங்களில் வருகிறார்கள். ஒன்று ஆணைப் போலவே இருக்கும். ஒன்று ரோஜா அழகியைப் போல இருக்கும். மூன்றாவது, இன்று நான் பார்த்தது, சிவப்புடல் அழகியைப் போல. ஒரே தாய் இட்ட முட்டைகளிலிருந்தே வேறுவேறு வடிவப் பெண்கள் வரலாம். எந்த வடிவம் என்பதை 'டபுள்செக்ஸ்' என்ற ஒரே மரபணுவின் மாற்று வடிவங்கள் தீர்மானிக்கின்றன என்று கண்டறிந்திருக்கிறார்கள். அதே மரபணுதான் பூச்சிகளில் ஆண் பெண் வேறுபாட்டையும் வகுக்கிறது. இறகின் வேடத்தை மட்டும் மாற்றி, உடலின் நிறத்தை மாற்றாமல் விட்டிருக்கிறது. பறவைக்கு அந்த அளவே போதும்போல.

போலியைக் காட்டிக்கொடுப்பது உடல் மட்டுமல்ல. கிளை அசைந்து சிறு சலசலப்பு எழுந்தது. சிவப்புடல் அழகி நிதானமாக எழுந்து பக்கத்துப் பூவுக்குப் போனது. அதன் வேடமிட்டிருந்த மார்மனோ சரேலென்று புதருக்குள் பாய்ந்து மறைந்தது. வேடத்தை நம்பி நிற்க அதற்கே துணிவில்லை. இரண்டையும் பக்கவாட்டிலிருந்து, உடல் முழுவதும் தெரியும்படி எடுத்திருக்கிறேன். மேலிருந்து இறகை மட்டும் எடுத்திருந்தால் இந்தக் கதையே படத்தில் இருந்திருக்காது.

பத்து மணிக்கு மேல் பொன்னழகி இறங்கியது. மரத்தலைகளுக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த அது (களப்புத்தகங்களில் சதர்ன் பேர்ட்விங்), வெயில் ஏறியதும் பூ தேடித் தாழ வந்தது. கருமையான முன்னிறகு, பொன் உருக்கி வார்த்த பின்னிறகு. இந்தியாவின் மிகப்பெரிய வண்ணத்துப்பூச்சி என்ற பெருமை நெடுங்காலம் இதனிடம் இருந்தது. 1932இல் அளக்கப்பட்ட ஒன்றின் இறகு விரிவு 190 மி.மீ. உத்தராகண்டில் கிடைத்த பெண் கோல்டன் பேர்ட்விங் ஒன்று 194 மி.மீ. என்று 2020இல் வெளியான பிறகுதான் அந்த இடம் கைமாறியது. இதன் புழுவும் ஆடுதீண்டாப்பாளையின் குடும்பத்துக் கொடிகளைத்தான் தின்கிறது. ஈஸ்வரமூலி அவற்றில் ஒன்று. வைத்தியத்துக்காக அந்தக் கொடியை வேரோடு பிடுங்குகிற இடங்களில் பொன்னழகியைத் தேடிப் பயனில்லை.

இது தேன் குடிக்கும்போதும் அமர்வதில்லை. கால்களால் பூவைத் தொட்டுக்கொண்டு, முன்னிறகுகளை ஓயாமல் அடிக்கிறது. பின்னிறகுகள் பெரும்பாலும் நிலையாக நிற்கின்றன. அதனால் ஷட்டரைக் குறைத்தேன். முன்னிறகு கரும்புகையாகக் கலைந்து, பின்னிறகின் பொன் மட்டும் நரம்பு நரம்பாகத் தெளிந்தது. எல்லாவற்றையும் உறையவைத்த படங்களைவிட இந்தப் படம்தான் அந்த உயிருக்கு நெருக்கமாக இருக்கிறது.

செவ்வாய், பர்லியார்

காலை முழுக்க மழை. மழையில் வண்ணத்துப்பூச்சிகள் இலைக்கடியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும். தேடிப் போய்த் தொந்தரவு செய்யக்கூடாது. மதியத்துக்கு மேல் ஒரு மணி நேரம்போல வெயில் வந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் இரண்டு பேரைப் பார்த்தேன்.

முதலாவது, தமிழ் மறவன். 2019இல் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்டது. செம்மஞ்சள் இறகு, கறுப்பு விளிம்பு. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காட்டைச் சார்ந்து வாழும் இதன் புழு நீரடிமுத்து மரத்தின் குடும்பத்து இலைகளைத் தின்கிறது. ஈரம் சொட்டும் இலை ஒன்றின்மேல் இறகை விரித்து வெயில் காய்ந்தது, பிறகு மூடியது. மூடியபோது அடிப்புறத்தில் வெள்ளிபோல ஒரு வெளிர்பட்டை தெரிந்தது. மேல்புறம் ஒரு படம், அடிப்புறம் ஒரு படம். இனத்தை உறுதிசெய்ய இரண்டும் தேவை. இணையத்தில் வந்து குவியும் படங்களில் பலவற்றுக்குப் பெயர் சொல்ல முடியாமல் போவதற்கு அடிப்புறப் படம் இல்லாததே காரணம்.

இரண்டாவது, ப்ளூ ஓக்லீஃப். இதைக் காவலர்தான் காட்டினார். "அந்தத் தண்டில் மேலிருந்து மூன்றாவது இலை" என்றார். பார்த்தேன், காய்ந்த இலைதான். நடுநரம்பு ஓடுகிறது, இரு பக்கமும் கிளை நரம்புகள் பிரிகின்றன, பூஞ்சை பிடித்ததுபோலக் கறைகள், பின்னிறகின் நுனி காம்பாக நீண்டு தண்டைத் தொடுகிறது. உணர்கொம்புகள் கண்ணில் பட்ட பிறகுதான் இலை பூச்சியானது. இது பூவுக்கு வராது. மரத்தில் வடியும் சாறும் அழுகிய பழமும் இதன் உணவு. இறகைத் திறந்தால் நீலம் பளீரென்று மின்னும். துரத்தும் பறவையின் கண் அந்த நீலத்தைப் பற்றிக்கொண்டு வரும். பூச்சி அமர்ந்து இறகை மூடியதும் நீலம் காணாமல் போய்விடும். பறவை தேடுவது நீலத்தை. எதிரில் இருப்பது சருகு.

இன்று இது இறகைத் திறக்கவில்லை. திறக்கவைக்க நானும் முயலவில்லை. மூடிய இறகோடு நிற்கும் அந்தச் சருகின் படம்தான் இதன் உண்மையான படம்.

புதன், கோத்தகிரி, லாங்வுட் சோலை

கீழே வெயில் ஏறினால் பூச்சி ஓரிடத்தில் நிற்காது. இங்கே காலை ஒன்பதரை மணிக்கும் குளிர் விடவில்லை. பறப்புத் தசை சூடேறாமல் வண்ணத்துப்பூச்சியால் எழ முடியாது. அதனால் மேகம் விலகி ஒரு கீற்று வெயில் விழுந்ததும், அதுவரை மறைந்திருந்தவையெல்லாம் இலை நுனிகளுக்கு வந்து இறகை விரித்தன. படம் எடுப்பவருக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. லென்ஸின் முகப்பும் விரித்த இறகும் ஒரே தளத்தில் இருக்கும்படி நின்றால், எஃப் 8 என்ற லென்ஸ் துளை அளவிலேயே இறகின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தெளிவு கிடைக்கும். சற்றுச் சாய்ந்தாலும் ஒரு பக்கம் கலங்கிவிடும். மேக்ரோ, அதாவது மிக நெருக்கமான படம், எடுப்பதில் பாதி வேலை இந்தக் கோணத்தைப் பிடிப்பதுதான்.

116 ஹெக்டேர் பரப்புள்ள இந்தச் சோலை 2024இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. சுற்றிலும் தேயிலையும் வீடுகளும். நடுவே இந்தப் பழங்காடு. பாசி படர்ந்த கிளைகளுக்கு நடுவில் நீல்கிரி டைகர் மிதந்து வந்தது. தென்னிந்தியாவின் உயர்ந்த மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இனம். அடிவாரத்தில் பார்த்த கிளாஸி டைகரின் உறவுதான். இதில் கருமை அகன்று, வெளிர்பட்டைகள் குறுகியிருக்கின்றன. சோலையின் நிழலில் அது பறக்கும்போது பட்டைகள் மட்டும் தெரிகின்றன, உடல் தெரிவதில்லை. சோலை போனால் இதுவும் போகும். தேயிலைத் தோட்டத்தில் இதற்கு இடமில்லை.

தரையோரம் புல்லில் பழுப்பன்கள். பழுப்புதானே என்று கேமராவைத் திருப்பாமல் போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் வருத்தம் உண்டு. இந்தச் சோலையில் எனக்கு மிகவும் பிடித்த படம் ஒரு பழுப்பனுடையது. ரெட்டிஸ்க் புஷ்பிரவுன், மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்கே உரியது. முன்னிறகில் கறுப்புக் கண்புள்ளி, அதன் நடுவே வெண்மணி, சுற்றிலும் செம்மஞ்சள் வட்டம். 100 மி.மீ. லென்ஸில் நெருங்கியபோது அந்த வெண்மணியில் தனித்தனிச் செதில்கள் தெரிந்தன. ஓடு வேய்ந்த வரிசையில் ஒன்றின்மேல் ஒன்று. வண்ணத்துப்பூச்சியின் நிறம் பெரும்பாலும் இந்தச் செதில்களில்தான் இருக்கிறது. விரலில் ஒட்டிக்கொள்ளும் பொடியும் இதுதான். இழந்த செதில் திரும்ப முளைக்காது.

புஷ்பிரவுன்களிலும் மாலையில் பறக்கும் ஈவினிங் பிரவுனிலும் கண்புள்ளிகள் பருவத்துக்குப் பருவம் மாறும். மழைக்காலத்தில் பிறப்பவற்றுக்குப் பெரிய கண்கள். வறண்ட காலத்தில் பிறப்பவற்றுக்குக் கண்கள் சுருங்கி, இறகு வெறும் சருகு நிறமாகிவிடும். புழுவாக இருந்த காலத்தின் வெப்பமும் ஈரமும் இதைத் தீர்மானிக்கின்றன. பசுமையான நாட்களில் புல்லில் நடமாடும்போது, பெரிய கண்புள்ளி பறவையின் அலகை உடலிலிருந்து விலக்கி இறகின் ஓரத்துக்கு இழுக்கிறது. கோடையில் அசையாமல் சருகுகளுக்குள் கிடப்பதே பாதுகாப்பு. அப்போது கண் இருந்தால் காட்டிக்கொடுக்கும். நான் எடுத்ததன் பின்னிறகில், கண்புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் முக்கோணமாக ஒரு துண்டு இல்லை. அலகின் அளவு. பறவை அங்கே கடித்தது, பூச்சி தப்பித்தது.

சேதமான இறகு என்று இத்தகைய படங்களை ஒதுக்கும் வழக்கம் எனக்கு ஏற்புடையதல்ல. குறையில்லாத இறகு, பூச்சி நேற்றுத்தான் கூட்டிலிருந்து வந்தது என்பதற்கு மேல் எதுவும் சொல்லாது. கிழிந்த இறகு எந்த இடத்தில் எதனால் கிழிந்தது என்று பார்த்தால், கண்புள்ளி எதற்கென்று அந்த ஒரு படமே சொல்லிவிடும்.

வியாழன், தொட்டபெட்டா சரிவு

காற்று பலமாக அடித்தது. புல்வெளியில் நீல்கிரி கிளவுடட் யெல்லோவைத் துரத்தும் ஆசை யாருக்கும் வரும், துரத்திப் பயனில்லை. காற்றோடு போய்விடும். இது அமர்ந்தவுடன் இறகை மூடிக்கொள்ளும் இனம். மேல்புறத்தின் மஞ்சளும் கறுப்பு விளிம்பும் பறக்கும்போது மட்டுமே தெரியும். சரிவில் கீழே இறங்கி, பூச்சிக்குப் பின்னால் சூரியன் வரும்படி அமர்ந்தேன். மூடிய இறகின் வழியே ஒளி பாய்ந்து, மறைந்திருந்த கறுப்பு விளிம்பு அடிப்புறத்தின் மஞ்சளில் நிழலாகத் தெரிந்தது. ஒரே படத்தில் இரு பக்கமும்.

இண்டியன் ரெட் அட்மிரல் ஒன்று பாறையில் வெயில் காய்ந்தது. மற்றபடி இன்று மேகமும் காற்றும்தான்.

வெள்ளி, மீண்டும் அடிவாரம்

இன்று மலையில் இருக்கவே திட்டமிட்டிருந்தேன். நேற்றிரவு காவலரிடமிருந்து அழைப்பு வந்தது: "தம்பி, நீலப்பூச்சி கடக்கிறது. வருவதென்றால் காலையிலேயே வந்துவிடுங்கள்." முதல் பஸ்ஸில் இறங்கிவிட்டேன்.

வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை போன்ற கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் பக்கமிருந்து வண்ணத்துப்பூச்சிகள் மேற்கு மலைகளை நோக்கி வருகின்றன. வருபவை பெரும்பாலும் வரியன்களும் கருப்பன்களும்: கருநீல வரியன், நீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன், டபுள்பிராண்டட் குரோ. சாலையில் நின்று கிழக்கே பார்த்தால், ஆள் உயரத்திலும் மர உயரத்திலும் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே திசையில். திரும்பிப் பார்ப்பதில்லை, பூவில் நிற்பதில்லை. சாலையைக் கடக்கும் இடத்தில் வண்டிகளில் அடிபட்டுக் கிடப்பவற்றைப் பார்க்கத்தான் மனம் பொறுக்கவில்லை. இப்படிக் கூட்டம் கடக்கும் சில நாட்களில் அந்தச் சிறு தூரத்தில் மட்டும் வண்டிகள் மெதுவாகப் போகலாம். அதற்கு ஓர் அறிவிப்புப் பலகை வைத்தால் போதும்.

பறக்கும் கூட்டத்தைப் படமெடுப்பது கடினம். வானத்தில் கரும்புள்ளிகள்தான் மிஞ்சும். அவை இளைப்பாறும் செடியைத் தேடினோம். காவலருக்கு இடம் தெரிந்திருந்தது: ஓடைக்கரையில் ஒரு கிலுகிலுப்பைப் புதர். செடியே தெரியவில்லை. தண்டு, இலை, காய் எல்லாவற்றின்மேலும் இறகு. ஒன்று அசைந்தால் புதர் முழுக்க நீலமாக விரிந்து, மீண்டும் மூடியது.

அவை அங்கே தேன் குடிக்கவில்லை. மேக்ரோவில் ஒன்றைப் பார்த்தேன். வாடிய இலை ஒன்றின் கீறல்மேல் கால்களால் பிறாண்டி, உறிஞ்சுகுழலின் நுனியை அங்கே பதித்து, ஈரத்தை விட்டு விட்டு, கரைவதை உறிஞ்சியது. கிலுகிலுப்பையிலும் தேள்கொடுக்கிலும் ஆல்கலாய்டு வகை நஞ்சு உண்டு. அதற்குத்தான் இந்தக் கூட்டம். இங்கும் பெரும்பாலும் ஆண்கள்தான். அந்த நஞ்சிலிருந்து பெண்ணை ஈர்க்கும் வாசனைப் பொருளைத் தயாரிக்கின்றன. வயிற்று நுனியில் மடித்து வைத்திருக்கும் மயிர்க்கற்றைகளை விரித்து அதைப் பரப்புகின்றன. நஞ்சும் அதுவே, மணமும் அதுவே.

கூட்டத்தில் இனம் பிரிப்பது சவாலான வேலை. நீல வரியனின் பட்டைகள் அகலம், நிறம் வெளிர். கருநீல வரியனில் பட்டைகள் ஒடுங்கி, கறுப்பு மிஞ்சும். கருப்பன்களில் ஆண் இறகைத் திறந்தால் முன்னிறகின் மேல்புறத்தில் வாசனைக் கீற்று தெரியும்: வெண்புள்ளிக் கருப்பனுக்கு ஒன்று, டபுள்பிராண்டட் குரோவுக்கு இரண்டு. திறக்கும் நொடிக்காகக் காத்திருந்ததில் காலை முழுவதும் போய்விட்டது. இரண்டு கீற்றும் தெளிவாக விழுந்த படம் கிடைத்தது.

புதருக்கடியில், தரையை ஒட்டிய சிறு பூக்களில், யார் கண்ணுக்கும் படாமல் கிராஸ் ஜுவல்கள். இறகை விரித்தாலே ஏறக்குறைய இரண்டு செ.மீ.தான். பின்னிறகின் ஓரத்தில் கறுப்பு மணிகள். அவற்றுக்குள் பச்சைநீலத் துகள்கள் மினுங்குகின்றன. வெறுங்கண்ணுக்கு அந்த மினுக்கம் தெரியாது. லென்ஸ் வழியாக மட்டுமே தெரிந்தது. திங்கள்கிழமை பார்த்த பொன்னழகியின் ஒரே இறகில் இவை பல அமரலாம். இரண்டும் ஒரே மலையடிவாரத்தில்தான் வாழ்கின்றன.

திரும்பும் வழியில் வெட்சிப் புதரில் மங்கிபசில் என்னும் சிறு வண்ணத்துப்பூச்சி. அமர்ந்த வேகத்தில் அப்படியே திரும்பிக்கொண்டது; வால் இருந்த பக்கம் முன்னால் வந்தது. பின்னிறகின் வால்கள் உணர்கொம்புகளைப் போல அசைய, அங்கேதான் தலை இருக்கிறது என்று நினைக்கத் தோன்றுகிறது. எடுத்த படத்தில் வலப்பக்க வால்களைக் காணோம். அந்தப் பொய்த்தலை ஏற்கெனவே ஒருமுறை உயிரைக் காத்திருக்கிறது.

சனி

மழை. அறையில் அமர்ந்து படங்களைப் பிரித்தேன். ஒவ்வொன்றுக்கும் இடம், நாள், உயரம், அது அமர்ந்திருந்த செடி ஆகியவற்றை எழுதிவைத்தேன். செடியின் பெயர் தெரியாத இடங்களில் இலையைத் தனியாக எடுத்த படத்தையும் சேர்த்திருக்கிறேன். இந்த விவரங்களோடு பொதுத்தளங்களில் பதிவாகும் படம், எந்த இனம் எந்த மாதத்தில் எந்த உயரம் வரை ஏறுகிறது என்று கணக்கிடுபவர்களுக்குப் பயன்படும். விவரம் இல்லாத படம், எவ்வளவு அழகாக இருந்தாலும், அவர்களுக்கு உதவாது.

இரு பழுப்பன்களையும் ஒரு சிறிய நீலனையும் தவிர எல்லாவற்றுக்கும் பெயர் கிடைத்துவிட்டது. பழுப்பன்களைக் கண்வளையங்களின் எண்ணிக்கையை வைத்துப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நீலன், வெள்ளிக்கிழமை ஓடைக்கரையில் எடுத்தது. எறும்புகள் மொய்த்த ஒரு துளிரில் முட்டையிட இடம் தேடிக்கொண்டிருந்தது. நீலன்களில் பல இனங்களின் புழுக்கள் இனிப்பு நீர் சுரந்து எறும்புகளைக் காவலுக்கு வைத்துக்கொள்பவை. அதனால் எறும்பின் படமும் உண்டு, துளிரின் படமும் உண்டு, மூடிய இறகின் அடிப்புறமும் தெளிவாக இருக்கிறது. மேல்புறம் மட்டும் கிடைக்கவில்லை. பெயரிடாமலேயே பதிவேற்றியிருக்கிறேன்; அந்தச் செடியையும் எறும்பையும் அறிந்தவர்கள் யாராவது இனத்தைச் சொல்லுங்கள்.